செம்பு திறந்திருந்தபோது

நாணயக் கடையில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அரிய செம்பு நாணயம் ஒன்று கையில் இருக்கும்போது, பிள்ளையைக் காணவில்லை என்று ஒரு பெண்ணுக்கு ஃபோன் வருகிறது. அவள் பதறவில்லை, வாய் திறக்கவில்லை, நாணயத்தை உறைக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் எழுந்தாள். "கை என்றால் அப்படி இருக்க வேண்டும்" என்று முடிப்பார்கள். மெல்பேர்னில் சொல்கிறார்கள். சிட்னி ஏலங்களிலும் சொல்கிறார்களாம்.

போன மாதம் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் ஒரு கலியாண வீட்டில், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், நான்தான் அந்தப் பெண் என்று தெரியாமல் அதை எனக்கே சொன்னார். நன்றாகவே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் பாதியில் இலையை மூடினேன். அந்த இடத்தில் மிச்சத்தைச் சொல்லவும் முடியவில்லை. நம்மவர்கள் நாலைந்து பேர் இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நான் அதை விட்டு வந்துவிட்டேன். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கொழும்பிலிருந்து வந்து கிளென் வேவர்லியில் வீடு எடுத்தோம். ரெயில் பாதை முடிகிற இடம். அப்போது அங்கே நம்மவர்கள் என்றால் நாங்களும் பரமேஸ் அக்கா வீட்டாரும்தான். கணவருக்கு டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர் வேலை. நான் வரலாறு படித்தவள். ஊரில் பழைய நாணயங்களோடு சில காலம் வேலை செய்திருந்தேன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, நகரத்தின் நடுவில் இருந்த ஒரு நாணய வியாபாரியின் கடையில் போய்க் கேட்டேன். முதலாளி ஹங்கேரியில் இருந்து வந்த மனிதர். என் சான்றிதழ்களை அவர் பார்க்கவில்லை. ஒரு நாணயத்தை நீட்டி, நான் அதை எப்படி வாங்குகிறேன் என்று பார்த்தார். விளிம்பில் பிடித்து வாங்கினேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அவருக்கு உயிர் அமெரிக்கச் செம்பு. அதுவும் பழைய புரூஃப் நாணயங்கள். கடைத்தெருவில் செலவழிக்க அடித்தவை அல்ல அவை. சேகரிப்பவர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் கொடுப்பதற்கென்று, மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்தவை. முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும். மெல்பேர்னில் அவை எப்படி வந்தன என்று நீங்கள் கேட்கலாம். நூறு வருடத்துக்கு முன்பு பலராட் பக்கம் தங்கம் தேடி வந்த கூட்டத்தில் அமெரிக்க வியாபாரிகளும் இருந்தார்கள். அவர்களுடைய பெட்டிகளின் அடியில் இருந்தவை எப்போதாவது ஒன்றிரண்டு எங்கள் மேசைக்கு வரும். வருடத்துக்கு ஒன்று வந்தாலே முதலாளிக்கு அது நல்ல வருடம்.

வெள்ளியும் தங்கமும் எதையும் தாங்கும். செம்பு தாங்காது. நாங்கள் பேசும்போது வாயிலிருந்து பறக்கும் ஈரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது செம்பில் விழுந்தால் அன்று ஒன்றும் நடக்காது. சில மாதம் கழித்து அந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி எழும்பும். பிறகு கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. அதனால் கடையில் ஒரு கட்டளை இருந்தது: செம்பு திறந்திருந்தால் வாய் மூடியிருக்க வேண்டும். உறையிலிருந்து வெளியே வந்த நிமிடத்திலிருந்து உள்ளே போகும்வரை யாரும் பேசக்கூடாது. ஒருமுறை ஒரு பெரிய வழக்கறிஞர், லென்ஸைக் கண்ணில் வைத்தபடியே தன் பேரனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முதலாளி எழுந்து, அவருடைய வாய்க்கும் நாணயத்துக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொண்டுபோய் வைத்தார். வழக்கறிஞர் தன் வாழ்நாளிலேயே அன்றுதான் பேச்சை நடுவில் நிறுத்தியிருப்பார்.

எனக்கு அந்தப் பழக்கம் சீக்கிரம் பிடிபட்டது. சீக்கிரம் என்பதைவிட, அளவுக்கு மீறி என்று சொல்லலாம். செம்பு நிறத்தில் வட்டமாக எதைப் பார்த்தாலும் தொண்டை தானாக மூடிக்கொள்ளும். என் மகள் சுகந்தி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் ஏசத் தொடங்கினால், உண்டியலில் இருந்து செம்பு நிறத்து இரண்டு சதக் காசு ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். நான் வாயை மூடிவிடுவேன். தகப்பனும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அது என் வேலைத் திறமை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. எனக்கு அவள் பிந்திப் பிறந்த பிள்ளை, ஒரே பிள்ளை. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அவளுடைய நீச்சல் வகுப்பு முடிய இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் நான் காலில் போடச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது சுகந்தி குசினியில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், பின்னேரம் தான் ரெயில் ஸ்ரேசனுக்கு வந்து, வேலை முடிந்து வரும் என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா என்று. பள்ளிக்கூடமும் ஸ்ரேசனும் கிட்டக்கிட்டத்தான். ஆனால் அவள் பள்ளி விட்டதும் பரமேஸ் அக்கா வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும், நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்பதுதான் ஏற்பாடு. "ஓம், ஓம், இண்டைக்கு வெள்ளன வருவன், பாப்பம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். எல்லாத் தாய்மாரும் காலையில் சொல்கிற "பாப்பம்" தான். அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

சொன்னபடி வெள்ளன, நேரத்தோடு, வர முடியவில்லை. அன்று சிட்னியில் இருந்து ஒரு சேகரிப்பாளர் வந்திருந்தார். மேசையில் ஒரு அரை சென்ட் இருந்தது, ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளைச் சேர்ந்தது. அந்த வருடங்களில் அரை சென்டைப் புழக்கத்துக்கு அடிக்கவேயில்லை, புரூஃப் மட்டும்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தந்த வருடம் அடித்தவை சில. பிற்காலத்தில் சேகரிப்பவர்களுக்காகப் பழைய திகதியோடு மறுபடி அடித்தவை சில. பின்பக்கத்து இலை மாலையில் உள்ள சின்னப் பழங்கள் பெரிதா சிறிதா என்பதில் முதல் வித்தியாசம் தெரியும், பெரிதென்றால் அந்த வருடமே அடித்தது. பழங்கள் பெரிதாகத்தான் இருந்தன. ஆனாலும் விளிம்பிலும் எழுத்திலும் பார்க்க வேண்டியவை இருந்தன. சிட்னிக்காரர் அன்று மாலை ரெயிலில் திரும்ப வேண்டும். என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால்தான் வாங்குவேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது. மறைக்கவில்லை.

உறையைத் திறந்து, உள் துணியை விலக்கி, நாணயத்தை விளிம்பில் பிடித்து விளக்குக்குக் கீழே சாய்த்தேன். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஃபோன் அடித்தது.

முதலாளி எடுத்தார். கேட்டார். அவருடைய முகம் மாறியது. "டாட்டர்" என்ற சொல் மட்டும் அவருக்கு விளங்கியிருக்கிறது. என் கைகள் வேலையில் இருந்ததால் ஃபோனை என் காதில் கொண்டுவந்து வைத்தார்.

பரமேஸ் அக்கா. "தங்கச்சி, பிள்ளை இன்னும் வரேல்லை. பள்ளிக்கூடம் விட்டுக் கனநேரம். உங்களோடை வந்தவளோ? கேக்குதோ? ஹலோ?"

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அக்கா முதல் வசனத்தை முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளை எங்கே என்று. ஸ்ரேசனில் என் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையில் சொன்ன "ஓம், ஓம்" அப்படியே காதில் கேட்டது. "ஸ்ரேசனில பாருங்கோ அக்கா." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. என் கையில் செம்பு திறந்திருந்தது. வாய் திறக்கவில்லை.

நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். பிள்ளையா நாணயமா என்று எடை போட்டுப் பார்க்கவில்லை. ஃபோன் பக்கம் தலையைத் திருப்பியிருக்கலாம். மேசையில் வெல்வெட் விரித்திருந்தது. கையைத் தளர்த்தியிருந்தால் நாணயம் அதில் போய்க் கிடந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. என் விரல்களுக்கு அது தோன்றவில்லை. அவை பழகியதைச் செய்தன. உள் துணிக்குள் வைத்தன. உறைக்குள் செருகின. மடிப்பை மடித்தன. ஒரு அவசரமும் இல்லாமல், ஒவ்வொன்றாக.

"ஹலோ? ஹலோ? கதையுங்கோவன்... சனியன் பிடிச்ச லைன்" என்றா அக்கா. ஃபோனை வைத்துவிட்டா.

நான் வாய் திறந்தபோது மறுபக்கத்தில் யாரும் இல்லை.

உடனே அக்கா வீட்டுக்குத் திருப்பி ஃபோன் எடுத்தேன். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா அதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறா. அங்கே இல்லை என்றதும் விளையாட்டுத் திடலுக்கு, பிறகு ஓடைக் கரைக்கு. ஸ்ரேசன் இருக்கும் திசைக்கு எதிர்த் திசை. கணவருடைய தொழிற்சாலைக்கு எடுத்தேன். ஆள் உள்ளே இயந்திரங்களுக்கு நடுவில், கூப்பிட்டுவிடுகிறோம் என்றார்கள்.

முதலாளி என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். ஃபோனுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் புத்தி, பொலிசுக்குத் தானே அறிவிப்பதாகச் சொன்னார். சிட்னிக்காரர் மட்டும், அதுவரை அவ்வளவாகப் பேசாத மனிதர், போங்கள் என்றார். தனக்கும் பெண் பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னார். யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கோட்டைக்கூட எடுக்காமல் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்ரேசனுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த ஸ்ரேசன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முழு நகரமும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விசாரணைச் சன்னலில் இருந்த மனிதர் பொறுமையானவர். கிளென் வேவர்லிக்கு எடுத்துக் கேட்டார். ஓம், ஒரு சின்னப் பிள்ளை, கறுத்தப் பிள்ளை, நெடுநேரம் பெஞ்சில் இருந்தது, வருகிற ஒவ்வொரு ரெயிலையும் எழும்பிப் பார்த்தது, இப்போது காணவில்லை. நகரத்துக்குப் போகிற ரெயிலில் ஏறியிருக்கலாம் என்றார்கள்.

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, மேற்சட்டை என்ன நிறம் என்று கேட்டார்.

பழுப்புச் செம்பில் மட்டும் எத்தனையோ வகை பிரித்துச் சொல்லக்கூடியவள் நான். எனக்கு ஒன்றும் வரவில்லை. காலையில் சப்பாத்தைத்தான் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. தலையில் இரட்டைப் பின்னல் என்றேன். அது கண்ணுக்குத் தெரிந்தது, நான் பின்னியது. அவர் அதை எழுதிக்கொண்டார்.

அந்த ரெயில் வரும் மேடைக்குப் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். நின்றேன் என்பது பொய். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவள் ஏறியிருக்கிறாள் என்பதே நிச்சயம் இல்லை. ஏறியிருந்தால் இடையில் எத்தனை ஸ்ரேசன். நான் ஒரு ரெயில் எடுத்து எதிரே போனால் நடுவழியில் ஒருவரை ஒருவர் கடந்துவிடுவோம். இங்கேயே நின்றால், அவள் இன்னும் கிளென் வேவர்லித் தெருவில் அலைந்துகொண்டிருந்தால்? ரெயில் வந்தது. கதவுகள் திறந்தன. எல்லோரும் இறங்கினார்கள். கடைசி ஆளும் போனபிறகு, நான் ஒவ்வொரு பெட்டியாக ஏறி இருக்கைகளுக்கு நடுவில் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஒரு குடை கிடந்தது.

அந்த வெறும் பெட்டியை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன்.

திரும்பச் சன்னலுக்கு ஓடினேன். அவர் கையை உயர்த்திக் காட்டினார். ஃபோன் காதில் இருந்தது. ரிச்மண்டில் இருக்கிறாள். ஒரு ஸ்ரேசன் முந்தி. பெட்டியில் இருந்த கூட்டத்தில் பாதி அங்கே இறங்கியிருக்கிறது. இதுதான் நகரம் போலும் என்று அவளும் இறங்கிவிட்டாள். ஒரு கிரேக்க அம்மா கையில் மரக்கறிப் பைகளோடு பிள்ளையைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஸ்ரேசன்காரர் வரும்வரை தன் ரெயிலையும் விட்டுவிட்டு நின்றிருக்கிறா. நான் போய்ச் சேரும்போது அந்த அம்மா இல்லை. நன்றி சொல்லவில்லை. பெயரும் தெரியாது.

சுகந்தி ஸ்ரேசன் அறையில் உயரமான கதிரையில் இருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேற்சட்டை பச்சை. என்னைக் கண்டதும் அழவில்லை. ஏதோ எனக்கு விளங்கப்படுத்துவதுபோல் சொன்னாள்:

"நீங்கள் வரேல்லை. அதுதான் நான் வந்தனான்."

வீட்டு வாசலில் கணவரும் பரமேஸ் அக்காவும் நின்றார்கள். அக்காவின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஓடைக்குள்ளும் இறங்கித் தேடியிருக்கிறா. பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதா. பிறகு என்னிடம் திரும்பினா.

"நான் கத்து கத்தெண்டு கத்தினனான். ஒரு சத்தமும் இல்லை. லைன் செத்துப்போச்செண்டு வைச்சிட்டன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். லைன் பழுதுதான் என்று சொன்னால் ஒருவருக்கும் ஒரு கேள்வியும் இல்லை.

"கேட்டது அக்கா" என்றேன்.

"கேட்டதோ? கேட்டுக்கொண்டே பேசாமல் இருந்தனீங்கள்?"

"கையில ஒரு காசு இருந்தது. செம்புக் காசு. அது திறந்திருந்தால் கதைக்கக்கூடாது."

சொல்லச் சொல்லத்தான் அது எனக்கே கேட்டது. கணவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சோற்றுப் பானையை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது.  சுகந்தி அக்காவின் தோளில் இருந்து தலையைத் தூக்கினாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆரின்ரை காசு அம்மா?"



உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். இந்தத் தொழில் உங்களுக்கு நல்ல பழக்கங்களைக் கொடுக்கும். அவை கைக்குள் போய் உட்காரும். அப்படி உட்கார்ந்தால்தான் நீங்கள் தேர்ந்தவர். ஆனால் கைக்கு யோசிக்கத் தெரியாது. ஆபத்து வரும் நேரத்தில் நீங்கள் யோசிப்பீர்கள் என்று நம்பாதீர்கள். நானும் நம்பினேன். யோசிக்க நேரமே கிடைக்காது, கை முந்திக்கொள்ளும். அதனால் ஒன்றும் நடக்காத நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஃபோன் அடித்தால், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நாணயத்தை வெல்வெட்டில் விட்டுவிட்டுத் தலையைத் திருப்பிப் பேசுங்கள். வெறும் விசாரிப்பாக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். முதலாளி என் மேசையில் சுகந்திக்கென்று ஒரு பெட்டி சொக்லேட் வைத்திருந்தார். அவரைக் கெட்டவராக எழுத எனக்கு மனம் வராது. வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, பிள்ளை கிடைத்த செய்தி வரும்வரை பொலிஸ் நிலையத்தில் போய் நின்றவர் அவர். நாணயம் அசல்தான் என்று பிறகு அவரே பார்த்து உறுதி செய்து, சிட்னிக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார். ஒரு குறையும் இல்லையாம். அன்று வந்த முதல் வாடிக்கையாளரிடமே, நான் பக்கத்தில் நிற்க, கதையைச் சொல்லத் தொடங்கினார். நாணயம் உறைக்குள் போனதோடு அவருடைய கதை முடிந்தது.

வாடிக்கையாளர் போனதும், இதை இனிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஏன், நடந்ததுதானே என்றார். நடந்ததுதான் என்றேன். எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், வீட்டில் மகள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். யாருடைய நாணயம் என்று கேட்டாள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"அந்த நேரத்தில் அது விற்பவருடையது" என்றார். "சிட்னிக்காரர் கையெழுத்து வைத்தது நீ போன பிறகுதான்."

பகிடி விடவில்லை, சிரிக்கவும் இல்லை. கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ஃபோன் வருவதற்கு முன், யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.